ரஞ்சி அன்ரியின் படமும் என் சந்தனக் கிண்ணமும்

ஆயுத பூஜை அன்று என்னைச் சந்தனக் கிண்ணத்தோடு தனியாக விடக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு விதி இருக்கிறது. நான் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் என் மாமனார் கதிரையை விட்டு எழுந்து பின்னாலேயே வருவார். நான் எதன் முன்னால் நின்றாலும், "தம்பி, இது கடதாசியோ?" என்று கேட்பார். "இல்லை மாமா, வாஷிங் மெஷின்" என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் பொட்டு வைக்க அனுமதி.

இந்த அவமானம் எனக்குத் தகும். கொஞ்சம் கூடுதலாகவே தகும்.

நான் சிவகாசிக்காரன். அப்பா அங்கே ஒரு காலண்டர் அச்சகத்தில் மெஷின்மேன். எங்கள் வீட்டில் சுவரே தெரியாது, சாமிதான் தெரியும். வருடம் முடிந்ததும் தேதித் தாள்களை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் சாமிப் படத்தை அம்மா ஆணியில் மாட்டிவிடுவாள். கண்ணாடியும் கிடையாது, ஃபிரேமும் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் எல்லாச் சாமிக்கும் அட்டை மேலேயே ஈரச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அடுத்த வியாழக்கிழமை ஈரத் துணியால் அழுத்தித் துடைப்பாள். எனக்குத் தெரிந்து எந்த முருகனுக்கும் சாயம் போனதில்லை. அச்சடித்த படத்துக்குத் தண்ணீரால் ஆபத்து இல்லை என்பது எனக்கு ஐந்து வயதிலேயே நிரூபணமாகிவிட்ட விஷயம். (அது எண்ணெய் மையின் பெருமை என்பதும், உலகத்தில் வேறு மைகளும் உண்டு என்பதும் இருபத்தொன்பதாவது வயதில், மிகவும் தப்பான நேரத்தில் தெரியவந்தன.)

அந்த இருபத்தொன்பதாவது வயதில் நான் சிட்னியில் இருந்தேன். பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை. மேய்ஸ் ஹில் கோயில் வாசலில் ஒரு சனிக்கிழமை, என் காலைப் பார்த்து, "எக்ஸ்கியூஸ் மீ, அது என்ர செருப்பு" என்று சொன்ன பெண்ணின் பெயர் மயூரி. செருப்பைக் கொடுத்தேன். பிறகு சில மாதத்தில் மற்ற எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

மயூரியின் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவள் வளர்ந்தது சிட்னியில், வேலை ஆஸ்பத்திரியில், பிசியோதெரபிஸ்ட். அவளுடைய அம்மா ரஞ்சி அன்ரி நான்கு வருடங்களுக்கு முன் காலமாகியிருந்தார். ஆக, எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவள் அப்பா பாலா அங்கிள் ஒருவர்தான். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்று சொல்லியிருந்தார்.

"அப்பா ஓம் எண்டு சொல்லாமல் நான் கலியாணம் செய்யமாட்டன்," என்று மயூரி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அவருக்கு நான் மட்டும்தான் இருக்கிறன். சோ ப்ளீஸ், அவருக்கு உங்களைப் பிடிக்கிற மாதிரி நடந்துகொள்ளுங்க."

எனக்கு என்னையே அவ்வளவு பிடிக்காத வயது அது. இருந்தாலும் முயற்சி செய்வதாக வாக்குக் கொடுத்தேன்.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அங்கிள் என்னை ஹாலில் ஒரு படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஜப்பான் படம். வெள்ளை முகம், சின்ன வாய், சரிந்த பார்வை, அடுக்கிக் கட்டிய கொண்டை, நெற்றிக்கு மேல் ஓர் ஊதாத் துணி, கழுத்தோடு வரும் கிமோனோ. அங்கிள் கப்பலில் இருந்த காலத்தில் கோபே துறைமுகத்தில், ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம்.

"இது கபூக்கி, தம்பி. அவங்கட நாடகம். அந்தக் காலத்தில பேர்போன நடிகர்மாரின்ர முகத்தை இப்பிடி மரப்பலகையில செதுக்கி அச்சடிச்சு வித்தவங்கள். சனம் வாங்கிக் கொண்டுபோய் வீட்டில ஒட்டிவைக்கும்."

"எந்த மெஷின்ல அடிச்சது அங்கிள்?" என்று கேட்டேன். அச்சுத் தொழில் பரம்பரை இல்லையா, ஒரு கேள்வியாவது கேட்டு வைக்க வேண்டும்.

அங்கிள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "கையால தம்பி. நிறத்துக்கு ஒரு பலகை. கடதாசியை மேல வைச்சு, பின்பக்கம் உள்ளங்கையளவு தட்டால தேய்ச்சு எடுக்கிறது."

அதன் பிறகு அங்கிள் முக்கால் மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சின் நடுவில் என் வாழ்க்கைக்குத் தேவையான இரண்டு தகவல்கள் இருந்தன. ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து மயூரி குசினியிலிருந்து சுடச்சுட மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். நான் அங்கிளைப் பார்த்துத் தலையாட்டினேன், மயூரியைப் பார்த்துச் சிரித்தேன், கையால் ரோல்ஸைப் பிட்டேன். மூன்று வேலையை ஒரே நேரத்தில் செய்த ஆணுக்கு நாலாவதாகக் காது கேட்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

காரில் என்னைக் கொண்டுவந்து விடும்போது மயூரி ஒன்று சொன்னாள். அந்தப் படம் அப்பா வாங்கியது என்றாலும் வீட்டில் அதற்கு 'அம்மாவின் படம்' என்றுதான் பெயராம். அம்மா போன பிறகு அப்பா அம்மாவின் சேலைகளைக் கொடுத்துவிட்டார், மூக்குக் கண்ணாடியை, மருந்துப் பெட்டியை எல்லாம் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தை மட்டும் துடைக்கக்கூட யாரையும் விடுவதில்லை. நான் ரோல்ஸ் நன்றாக இருந்ததாகச் சொன்னேன்.

சில மாதம் கழித்து, நவராத்திரி நேரம், மயூரி போன் பண்ணினாள். "அம்மா இருக்கேக்க சரஸ்வதி பூசை பெருசா செய்வா. நாலு வருஷமா வீட்டில ஒண்டும் இல்ல. இந்த முறை நீங்க வந்து செய்யிறீங்களா? ஐ திங்க் அப்பாவுக்கு அது பிடிக்கும்."

பூஜை! நான் என்ன வேண்டிக்கொண்டேனோ அது வீடு தேடி வந்தது. அங்கிளிடம் என் கபூக்கி அறிவைக் காட்ட முடியாது, யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் அவர் முகம் சுளிக்கிறார், ஆனால் ஆயுத பூஜை என்றால் நான் புலி. அன்றைக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் ஸ்பேனர்கூடக் கோபித்துக்கொள்ளும் என்று நம்புகிற ஊரிலிருந்து வந்தவன். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வேட்டி கட்டிக்கொண்டு, பொரி, கடலை, வாழையிலை, பன்னீர், சந்தனம், குங்குமம் சகிதம் போய் நின்றேன்.

மயூரி டியூட்டியில் இருந்தாள், மதியம்தான் வருவாள். அங்கிள் கதவைத் திறந்தார். ஹால் சுவரில் படம் இருந்த இடம் காலியாக இருந்தது. என் பார்வையைக் கண்டு அவரே சொன்னார், போன மாதம் ஆணி கழன்று படம் விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டதாம். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பரமட்டாவில் ஃபிரேம் கடையில் புதுக் கண்ணாடி வெட்டச் சொல்லியிருக்கிறார். இன்றைக்குத் தயார், மதியம் கடை பூட்டிவிடுவார்கள்.

"நான் போட்டு வாறன் தம்பி. நீங்கள் பூசை அடுக்குகளைச் செய்யுங்கோ. படம் சாப்பாட்டு மேசையில கிடக்கு. ஜன்னலை மட்டும் திறவாதேங்கோ, காத்துக்குப் பறந்திடும்."

பாவம், அவர் காற்றைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டார்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் நான் பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து ஆரம்பித்தேன். அடுப்பு, மைக்ரோவேவ், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி. கராஜுக்குப் போய்ப் புல்வெட்டும் மெஷினுக்கும், அங்கிளின் கப்பல் காலத்து ஸ்பேனர் செட்டுக்கு ஒன்று ஒன்றாகவும் வைத்தேன். டிவி, டிவி ரிமோட், வைஃபை பெட்டி, அங்கிள் பிரஷர் பார்க்கிற கருவி. கதிரை போட்டு ஏறி ஸ்மோக் அலாரத்துக்கும் ஒன்று. ஒரே மணி நேரத்தில் அந்த வீட்டில் பொட்டு இல்லாத பொருள் மிக்சி மூடி மட்டும்தான். அதற்கும் வைத்தேன்.

கிண்ணத்தில் இன்னும் சந்தனம் மிச்சம் இருந்தது. அப்போதுதான் சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன்.

கண்ணாடி இல்லாமல், ஃபிரேம் இல்லாமல், ஒரு வெள்ளைத் தாள் மேல் அந்த அம்மா சரிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்தில் பார்த்தபோது ஒன்று தோன்றியது. முகம் ஏதோ வெறிச்சென்று இருந்தது. முதல் தடவை பார்த்தபோது இப்படி இல்லையே, என்னவோ குறைகிறதே என்று ஒரு ஞாபகம். அப்புறம் புரிந்தது. நெற்றி காலியாக இருந்தது. வீடு முழுக்க, புல்வெட்டும் மெஷின் வரைக்கும் மங்களகரமாக நிற்க, ரஞ்சி அன்ரியின் படம் மட்டும் பொட்டில்லாமல் கிடப்பதா? அங்கிள் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்?

மோதிர விரலால் தாராளமாகச் சந்தனத்தை எடுத்து, புருவ மத்தியில் வைத்தேன். அதன் மேல் குங்குமம். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. கைகூப்பி, "அன்ரி, எப்படியாவது அங்கிளை ஓம் சொல்ல வையுங்க" என்று வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது மஞ்சளாக ஒரு சொட்டு மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பன்னீர் கொஞ்சம் கூடிவிட்டது. பதற்றப்படவில்லை. (ஐந்து வயதிலேயே நிரூபணமான விஷயம்!) குசினியில் போய் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து வந்து, அம்மா செய்கிற மாதிரியே மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தேன்.

துணியோடு ஊதாத் துணியும் வந்தது. படத்தில் இருந்த ஊதாத் துணியைச் சொல்கிறேன். அந்த நிறம் நெற்றியைத் தாண்டி, குங்குமத்தோடு கலந்து, இடது புருவம் வரைக்கும் இறங்கி நின்றது. இருநூறு வருடம் சரிந்த பார்வை பார்த்துக்கொண்டிருந்த முகம் முதல் தடவையாக என்னையே நேராகப் பார்த்து, "என்னப்பா செய்தாய்?" என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அடுத்து நான் செய்த காரியத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஈரம்தானே பிரச்சினை என்று மயூரியின் அறையிலிருந்து ஹேர் டிரையரைக் கொண்டுவந்து போட்டேன். மெல்லிய தாள். ஒரே வீச்சில் எழும்பி, மேசையைத் தாண்டிப் பறந்து, பொரித் தட்டில் முகம் குப்புற விழுந்தது. ஜன்னலை நான் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பொரியைத் தட்டிவிட்டு, படத்தை மறுபடி மேசையில் வைத்து, சிவகாசிக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விடியற்காலை. அப்பா சட்டை இல்லாமல், கையில் டம்ளரோடு வந்தார். போனைப் படத்தின் பக்கம் திருப்பினேன்.

"என்னடா இது?"

"ஜப்பான் படம்ப்பா. சந்தனம் வச்சுத் தொடச்சேன், கலர் வந்துருச்சு."

"என்ன மை? ஆயிலா, தண்ணியா?"

"தண்ணியில யாராவது கலர் அடிப்பாங்களாப்பா?"

"அடிச்சிருக்கான்ல? பாத்தாலே தெரியுது. துடைக்காத. கையை எடு."

"எடுத்துட்டேன்."

"ரெண்டு கையும் எடு. அப்படியே தள்ளி நில்லு. யாரு வீட்டுப் படம்?"

"பொண்ணு வீட்டுப் படம்ப்பா. இறந்துபோன அவங்கம்மா படம்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அவங்க வீட்ல நான் அச்சுத் தொழில்னு சொல்லியிருக்கியா?" என்று கேட்டார்.

"சொல்லியிருக்கேன்ப்பா."

"சொல்லாம இருந்திருக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மயூரியை இழக்கப் போகிறேன் என்பதுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதைவிட மோசமான ஒன்று நெஞ்சில் ஏறியது. சேலையை, மருந்துப் பெட்டியை எல்லாம் கொடுத்துவிட்ட ஒரு மனிதர் இந்த ஒன்றை வைத்துக்கொண்டார். அதை என்னை நம்பி விட்டுவிட்டுப் போனார். நான் அதற்குக் குங்குமத்தைப் பூசி, ஈரத் துணியால் துடைத்து, பொரியில் போட்டு எடுத்திருக்கிறேன். அழுகை வந்தது. வேட்டி நுனியில் துடைத்தேன், முகமெல்லாம் குங்குமம்.

அந்த முகத்தோடுதான் கதவைத் திறந்தேன். அங்கிள் பழுப்புத் தாளில் சுற்றிய கண்ணாடியைக் குழந்தையைப் போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். ஃபிரிட்ஜின் பொட்டைப் பார்த்தார். ஸ்மோக் அலாரத்தின் பொட்டைப் பார்த்தார். அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் மேசையைப் பார்த்தார்.

நான் பேச ஆரம்பித்தேன். காலண்டர், முருகன், அம்மா, வெள்ளிக்கிழமை, எண்ணெய் மை, ஹேர் டிரையர், எல்லாம் வரிசை மாறி வந்தது. "வேணும்னு செய்யல அங்கிள். அன்ரிக்குப் பொட்டு இல்லாம இருந்தது... இவ்வளவு லட்சணமான ஒரு பொம்பளை, வெறும் நெத்தியோட..."

அங்கிள் கண்ணாடியைச் சுவரோரம் மெதுவாகச் சாய்த்து வைத்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். படத்தைப் பார்த்துக்கொண்டே, "தம்பி," என்றார். "இது ஆம்பிளை."

"அங்கிள்?"

"கபூக்கியில பொம்பிளையள் நடிக்கிறேல்ல. ஆம்பிளையள்தான் பொம்பிளை வேஷம் கட்டுறது. நெத்திக்கு மேல தலையை மழிச்சிருப்பினம், அதை மறைக்கத்தான் ஊதாத் துணி. முதல் நாளே சொன்னனான். தண்ணிச் சாயம் எண்டும் சொன்னனான். நீங்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

அந்த நேரம் பார்த்துத்தான் மயூரி வந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடையில், கையில் கார் சாவியோடு. மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஓ மை காட். என்ன செய்தனீங்க?" என்றாள். அங்கிள் எழுந்து தன் அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நான் பூஜைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன். வேறு என்ன செய்வது?

அங்கிள் திரும்பி வந்தபோது கையில் மடித்த கைக்குட்டை ஒன்று இருந்தது. மேசையில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். உள்ளே உள்ளங்கையளவு ஒரு கண்ணாடித் துண்டு. உடைந்துபோன பழைய கண்ணாடியின் துண்டு. அதன் நடுவில் மெரூன் நிறத்தில் ஓர் ஒட்டுப்பொட்டு.

"அப்பா," என்றாள் மயூரி. "கண்ணாடி எல்லாத்தையும் குப்பை பின்னில போட்டிட்டன் எண்டு சொன்னீங்களே."

"இதைப் போடேல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் நாள் நான் பார்த்த முகத்தில் ஏதோ இருந்ததே, அது இதுதான்.

"இஞ்ச வந்து முதல் முதல் கண்ணாடி போட்ட அண்டைக்கு ரஞ்சி இதையேதான் கேட்டவ," என்றார் அங்கிள். "'என்னப்பா, நெத்தி வெறுமையாக் கிடக்கு' எண்டவ. நான் சொன்னன், 'இது ஆம்பிளையப்பா, வேஷம்.' அதுக்கு அவ, 'வேஷம் கட்டினவர் ஒழுங்காக் கட்டவேணும்' எண்டு சொல்லிப்போட்டு, தன்ர நெத்தியில இருந்ததைக் கழட்டி ஒட்டிவிட்டவ. பழசாப் போனா அவவே மாத்துவா. இது கடைசியா ஒட்டினது."



"அவ செத்த பிறகு நான் இதைத் துடைக்கிறேல்ல. தூசி பிடிச்சாலும் சுத்தித்தான் துடைப்பன். போன மாசம் கண்ணாடி உடைஞ்ச பிறகு ஒவ்வொரு நாளும் இந்த மேசையில இருந்து சாப்பிடுறன், அந்த வெறும் நெத்தியைப் பாக்க ஏலாமக் கிடந்தது." என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லை. பொட்டு இல்லை எண்டு உங்களுக்கும் மனசு கேக்கேல்ல, என்ன?"

நான் தலையை ஆட்டினேன். இந்த முறை காதும் கேட்டது.

மயூரி கண்ணாடித் துண்டைக் கவனமாக எடுத்துப் படத்தின் நெற்றிக்கு மேலே பிடித்தாள். அம்மாவின் பொட்டு நட்ட நடுவில் இருந்தது. என் குங்குமக் கறை அதற்கு ஓர் அரிசி அளவு இடப்பக்கம் தள்ளி இருந்தது.

"கோணலா வச்சிருக்கிறீங்க," என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அங்கிளும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் குங்கும முகத்தோடு நின்றேன்.

"முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ தம்பி," என்றார் அங்கிள். "பூசையை முடிப்பம். பொரியும் நமத்துப்போகும்." நான் குளியலறைப் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார். "பிறகு உங்கட அப்பாவின்ர நம்பரைத் தாங்கோ. கதைக்க வேணும்."

அன்று மாலை அவர் என் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா எடுத்த உடனே அச்சுத் தொழில் முழுவதன் சார்பாகவும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அங்கிள் அதற்குப் பதிலாகத் தன் கதையைச் சொன்னாராம். கல்யாணத்துக்கு முன் கோபேயிலிருந்து இந்தப் படத்தைத் தபாலில் ரஞ்சிக்கு அனுப்பியபோது, பிரித்துப் பார்த்த அவர்கள் வீட்டார், மாப்பிள்ளை ஜப்பான்காரியைக் கட்டிவிட்டு வெட்கமில்லாமல் அவள் படத்தையும் அனுப்பியிருக்கிறார் என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம். ரஞ்சி அன்ரி மட்டும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்பிளைக்கு இவ்வளவு பெரிய தாடை இருக்காது" என்று சொன்னாராம். இரண்டு அப்பாக்களும் ஒரு மணி நேரம் பேசினார்கள். கல்யாணப் பேச்சு அதில் கடைசி ஐந்து நிமிடம்தான்.

படத்தை நகரத்தில் ஒரு பெண்மணியிடம் கொண்டுபோனோம், பழைய தாள்களைச் சீர்செய்கிறவர். புருவத்துக்கு இறங்கிய ஊதாவைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார். ஊதாத் துணி பழைய நிறத்துக்கு வராது என்றார். குங்குமக் கறை வெளிறும், முழுதாகப் போகாது என்றார். "அதை விடுங்கோ, அது இருக்கட்டும்," என்று அங்கிள் தமிழிலேயே அவரிடம் சொல்லிவிட்டார். மயூரி மொழிபெயர்த்தாள்.

புதுக் கண்ணாடி போட்டோம். தாளைத் தொடாமல் இருக்க, நடுவில் நல்ல இடைவெளி விட்டு. அங்கிள் அந்தப் பழைய பொட்டைச் சவரக் கத்தியால் பதமாகப் பெயர்த்து, புதுக் கண்ணாடியில் நட்ட நடுவில் ஒட்டினார். பசை காய்ந்துபோயிருந்தது, ஒட்டவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தேன். அதை வைத்துத்தான் ஒட்டினோம். இன்றுவரை விழவில்லை.

இப்போது அங்கிள் எங்களோடு இருக்கிறார், படமும் எங்கள் ஹாலில் இருக்கிறது. நேராக நின்று பார்த்தால் அந்த நடிகரின் நெற்றியில் இரண்டு பொட்டு தெரியும். கண்ணாடியில் அன்ரியுடையது, தாளில் என்னுடையது, கோணலாக. வருகிற உறவினர்கள் எல்லோருக்கும் கதை சொல்லப்படும். 'ஆம்பிளைக்குப் பொட்டு வச்ச மாப்பிளை' என்று மெல்பர்னில் கிரான்பர்ன் வரைக்கும் எனக்குப் பெயர் இருக்கிறது. அங்கே ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஓர் அன்ரி என்னைப் பார்த்ததும், தன் கணவரின் நெற்றியைக் கையால் மறைத்தார்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இன்னொன்றையும் கேட்பார்கள். அங்கிளின் கதிரை ஏன் இப்படி ஒரு மூலையில், குசினிக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறது? டிவி தெரியாது, ஜன்னல் தெரியாது, எல்லோரும் அதில் இடித்துக்கொள்கிறார்கள். நானும்தான் நகர்த்திப் போடலாமே என்று ஒரு நாள் தூக்கினேன். மயூரி என் கையைப் பிடித்து, "அதில இருந்து பாருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அந்த இடத்திலிருந்து, வலப்பக்கம் நன்றாகத் தள்ளியிருந்து பார்த்தால், அன்ரியின் பொட்டும் என் பொட்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தி, ஒரே பொட்டாகத் தெரிந்தன.

கதிரை அங்கேயே கிடக்கிறது. நாங்கள் இடித்துக்கொள்கிறோம்.